மிதிவண்டிப் பொருத்து வேலை

பாகங்களாகப் பெட்டியில் வரும் புது மிதிவண்டியை ஓட்டத்தக்க வண்டியாக்கும் வேலை. உற்பத்தியின் கடைசிக் கட்டமான இது ஆலையில் நடப்பதில்லை. சைக்கிள் கடையிலோ வாங்கியவர் வீட்டிலோ நடக்கிறது. இக்கட்டுரை வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்ட சாலை மிதிவண்டியை முதன்முறை பொருத்துபவரை, குறிப்பாக உசிலம்பட்டி வட்டாரத்தவரை, மனத்தில் கொண்டது. அங்கிருந்து தேனி செல்லும் சாலை ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடக்கிறது. பொருத்தியதில் குறை இருந்தால் அந்த இறக்கத்தில்தான் தெரியவரும்.

வரலாறு

பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் இன்றைய வடிவத்தை 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ வண்டியில் நிலைநிறுத்தினார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. இடது பெடலுக்கு இடது மரை வைக்கும் நல்ல வழக்கத்தை அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள், விமானம் செய்வதற்கு முன்பே, 1900இல் தங்கள் சைக்கிள்களில் கொண்டுவந்தனர். மிதிக்கும்போது பெடலின் தண்டு துளைக்குள் மெல்லத் திரும்பப் பார்க்கும். இரு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் ஓட்டத்திலேயே கழன்றுவிடும்.

தமிழகத்தில் முதலில் ஓடியவை ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. போன்ற ஆங்கிலேய வண்டிகள். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளிவந்தது. 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட அந்தக் கறுப்பு வண்டியைப் பொருத்துவது உண்மையான கைத்தொழில். ஹப், ரிம், போக்ஸ் கம்பி எல்லாவற்றையும் கடைக்காரரே கோர்ப்பார்: முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுப்பார். சக்கர அச்சின் பேரிங்கைப் பிடிக்கும் கோனை இறுக்குவதும், பெடல் கிராங்கைத் தண்டோடு பிணைக்கும் காட்டர் பின்னை அடிப்பதும் கைப்பழக்கத்தில் வருபவை. இத்தொழிலைக் கற்றுத்தந்தவை சைக்கிள் கடைகளே; அவற்றின் பங்கு போதிய அளவு எழுதப்படவில்லை.

பள்ளி மாணவருக்கான அரசின் இலவச மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் எல்லாப் பிரிவினருக்கும் விரிந்தது. பள்ளி வளாகங்களிலேயே வரிசையாகப் பாகங்கள் பொருத்தப்படுவதை அதன்வழி ஊர்மக்கள் நேரில் கண்டனர்.

பொருத்தும் முறை

சாலை மிதிவண்டியில் சக்கரம் கோர்த்தே வரும். எஞ்சியிருப்பவை முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட் கம்பம், பெடல்கள். அலென் கீ, கிரீஸ், முறுக்குவிசை காட்டும் ஸ்பேனர் ஆகியவை போதும்.

முதலில் ஃபோர்க் முன்நோக்கி நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும். பெட்டியில் அடக்குவதற்காக அது பின்னோக்கித் திருப்பப்பட்டிருக்கலாம். அப்படியே சக்கரம் மாட்டிவிடுவது புதியவர் செய்யும் பெரிய பிழை. டிஸ்க் பிரேக் வண்டியானால் சக்கரம் மாட்டும்வரை பிரேக் பிடியை அழுத்தக்கூடாது. ஹைட்ராலிக் வகையில் கட்டைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தை, வண்டி தரையில் நிற்கும்போது, அச்சு இரு பக்கமும் முழுதாக உட்கார்ந்தபின் இறுக்குவதே சரி.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் வரிசை முக்கியம். மேல்மூடித் திருகு ஸ்டெம்மைப் பிடித்துவைப்பதில்லை. பேரிங்கின் ஆட்டத்தை நீக்க மட்டுமே அது. ஆகவே அதை முதலில் மிதமாகத் திருகி, பின்னரே பக்கத் திருகுகளை மாறிமாறி இறுக்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்ற ஆட்டம் இருக்கக்கூடாது. ஹேண்டிலும் தடையின்றித் திரும்ப வேண்டும். முகப்புத் தகட்டின் நான்கு திருகுகளையும் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அளவு ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். கைக்கணக்கில் இறுக்குவது கார்பன் பாகங்களை உடைக்கும்.

சீட் கம்பத்தில் பொறித்த கோடு சட்டகத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். உலோகக் கம்பத்துக்குக் கிரீஸ். கார்பனுக்கு அதற்கான பசை மட்டுமே. பெடல் மரைக்கும் கிரீஸ் கட்டாயம். வலதுபெடல் வலஞ்சுழியாகவும் இடதுபெடல் இடஞ்சுழியாகவும் ஏறும். முதல் சில சுற்றுகளை விரலால் திருகினால் மரை கெடாது. கியர் மாற்றியின் எல்லைத் திருகுகளைச் சோதிக்காமல் ஓட்டக்கூடாது. சங்கிலி பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி விழுந்தால் போக்ஸ் கம்பிகளில் சிக்கிப் பின்சக்கரமே நின்றுவிடும். டயரில் காற்று அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவைத் தாண்டக்கூடாது. ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ஊர்க் கடைப் பம்பு பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிவைக்க வேண்டும்.

சில நாள் ஓட்டத்தில் கேபிள்கள் படிந்து தளரும். அப்போது கேபிள்களைச் சரிசெய்து திருகுகளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

இணையத்தில் விற்கப்படும் வண்டிகள் ‘85 விழுக்காடு பொருத்தியவை’ என்ற குறிப்போடு வீடுகளுக்கு வருகின்றன.