நாஷ்வில் நகரத்தின் இரட்டை வரி ஏற்பாடு

பட்டணமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தபின், சாக்கடைக்கும் வீதி விளக்குக்கும் பணம் கொடுக்கவேண்டியவர் யாவர்? அமெரிக்காவின் டென்னஸி மாகாணத் தலைநகராகிய நாஷ்வில் இதற்கு 1963-ஆம் ஆண்டில் கண்ட விடை, நம்மவர் கருதத்தக்கதாகும்.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின், அந்நகரத்தில் கையில் காசுடையோர் எல்லைக்கப்பால் வீடு கட்டிக் குடியேறினர். ஆங்கு சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழி தோண்டினர். அடியில் இருந்ததோ சுண்ணாம்புப் பாறை. கழிவுநீர் உள்ளே சுவறாது மேலே கசிந்தது. தீயணைப்புக்குத் தனியார் கம்பெனிகளிடம் சந்தா கட்டவேண்டியிருந்தது. நகரத்தாருக்கோ வேறு குறை. நகர வரியும் ஜில்லா வரியும் அவர்கள் தலைமேல் விழுந்தன; அவர்கள் செலவில் போட்ட வீதிகளில் பகலெல்லாம் ஓடியவையோ புறத்தாரின் மோட்டார் வண்டிகள்!

1958-இல் இரண்டையும் இணைக்க வாக்கெடுத்தபோது நகரத்தார் இசைந்தனர், புறத்தார் மறுத்துவிட்டனர். சினங்கொண்ட நகர நிர்வாகம், குடிகளைக் கேளாமலே புறநிலங்களைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. நகர வீதிகளைப் பயன்படுத்தும் வண்டிக்கு ஆண்டுக்குப் பத்து டாலர் வரி விதித்து, பச்சைச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டச் சொல்லிற்று. வாக்கில்லாத இடத்தில் வரியா எனப் புறத்தார் கொதித்தனர். அக்கொதிப்பே இணைப்புக்கு உதவியது வேடிக்கைதான். 1962 ஜூன் 28-இல் இரு பகுதியும் சம்மதித்தன.

புதிய சாசனம் ஜில்லா முழுவதையும் பொதுச் சேவை வட்டமாக்கி, அதனுள் நகரச் சேவை வட்டம் ஒன்றை வகுத்தது. பள்ளிக்கூடம், சுகாதாரம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு எல்லோரும் வரி கொடுப்பர். சாக்கடை, வீதி விளக்கு, குப்பை அள்ளுதல், கூடுதலான தீயணைப்பு ஆகியவற்றுக்கு உள்வட்டத்தார் மட்டுமே மேல்வரி கொடுப்பர். உள்வட்டத்தை விரிக்கலாம், ஆனால் புதிதாய்ச் சேர்ந்தோர் வரி செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவ்வசதிகளை அளித்தாகவேண்டும். நமது எண்ணத்தில் சாசனத்தின் உயிர்நாடி இவ்விதியே. வரியை முன்னே வாங்கிக்கொண்டு வசதியைப் பின்னே மறந்துவிடும் நகரசபைகள் உலகில் குறைவா? இவ்விரு வட்ட முறை இன்றும் நடைபெறுகிறது.

கணக்கு நியாயமாயிற்று. அதிகாரம் என்னாயிற்று? பழைய நகரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேலிருந்த கறுப்பின மக்கள், இணைந்த ஜில்லாவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காயினர். மேல்வரி அவர்களுக்கும் உண்டு; வாக்கின் பலமோ குறைந்தது. அவர்தம் தலைவர்களே இதில் பிளவுபட்டனர். ஆன்டிகுவாத் தீவில் பிறந்த வழக்கறிஞர் அலெக்ஸாண்டர் லூபி இணைப்பை ஆதரித்தார். சம உரிமைக்கு வழக்காடியதற்காக 1960-இல் அவர் வீடே வெடிகுண்டால் தகர்க்கப்பட்டிருந்தது. நகரசபையில் அவருடைய தோழரான ராபர்ட் லில்லார்ட், தம் மக்களின் வாக்கு வெள்ளையர் வாக்கில் கரைந்துபோகும் என்று எதிர்த்தார். சபையின் நாற்பது ஸ்தானங்களில் முப்பத்தைந்தைத் தொகுதிவாரியாகப் பிரித்திருந்தமையால் கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. லூபியும் லில்லார்டும் அச்சபையில் அங்கத்தினராய் அமர்ந்தனர்.