கோடை முன்னறிவிப்புக்கு அடிப்படை வெப்பநிலையா, காற்றா?

இந்திய வானிலை ஆய்வுத் துறை 2016 முதல் கோடைக்கான பருவகால முன்னறிவிப்பை வெளியிட்டு வருகிறது. அடுத்த மூன்று மாதங்களில் பகல் வெப்பமும் இரவு வெப்பமும் இயல்பைவிடக் கூடுமா, குறையுமா, இயல்பை ஒட்டியே இருக்குமா என்பதை அது நிகழ்தகவாகச் சொல்கிறது. வெப்ப அலை நாட்கள் மிகுமா என்பதையும் சொல்கிறது. நாளிதழ்களுக்கு வந்து சேரும்போது இது ‘இந்த ஆண்டு வெயில் வாட்டும்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. சுருக்கியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறிக்கையின் அமைப்பே அப்படிச் சுருங்க இடம் தருகிறது. தமிழ்நாட்டுக் கோடையில் உடலை வதைக்கும் புழுக்கம், மலைச்சரிவில் பரவும் தீ, கடலோரத்தின் நிலை ஆகிய மூன்றையும் பெருமளவு முடிவு செய்வது காற்று. அது எத்திசையிலிருந்து, எந்த மணிக்கு, எவ்வளவு ஈரத்தோடு வீசுகிறது என்பதிலிருந்தே இம்மாநிலத்துக்கான கோடை முன்னறிவிப்பு தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னையின் மே மாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காலையில் தரை சூடேறச் சூடேற அதன்மேல் உள்ள காற்று லேசாகி எழும்புகிறது. ஒப்பளவில் குளிர்ந்த கடலிலிருந்து காற்று உள்ளே நுழைகிறது. மார்ச்சில் முற்பகலிலேயே இது நடந்துவிடும். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றின் முன்னோடியாக மேலைக்காற்று வலுக்கும்போது, அது கடற்காற்றைக் கரைக்கு வெளியே தடுத்து நிறுத்துகிறது. நண்பகலில் வரவேண்டிய கடற்காற்று மூன்று மணிவரை வராமல் போனால் அந்த மூன்று மணி நேரத்தில் நகரம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டதன் பின்னணியும் இதுவே. அந்த மாத நடுவில் வங்கக் கடலில் இருந்த கடும்புயல் வடகிழக்கு நோக்கி விலகியது. அதன்பின் வறண்ட மேலைக்காற்று ஓங்கியது. அதே வெப்ப அலையில் ஆந்திரத்தில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் இறந்தனர். 2019-இல் தமிழகத்துக்கு மழை தரும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஃபானி புயலும் விலகிச் சென்று மே 3 அன்று புரி அருகே கரையேறியது. இங்கே மிஞ்சியது வெயில்தான். மேலைக்காற்று எல்லா ஊரையும் சுடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு நுழையும் அதே காற்று ஜூனில் கோவையைக் குளிர்விக்கிறது. மலையைத் தாண்டி இறங்கி ஈரமிழந்து வேலூரையும் சென்னையையும் காய்ச்சுகிறது. அம்மாதத்தில் கோவை, சென்னை ஆகிய இரு நகரங்களின் பகல் வெப்பத்துக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து டிகிரி வேறுபாடு உண்டு. கோவையின் உயரம் அதில் ஒரு பகுதியை விளக்கும். மீதியைக் காற்றுதான் விளக்கும். ‘தமிழ்நாட்டில் இயல்பைவிட அதிக வெப்பம்’ என்ற வாக்கியம் இந்த இரண்டு ஊர்களையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடுகிறது.

வெப்ப அலைக்கான வரையறை இந்தக் குறையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கடலோர நிலையம் ஒன்றில் பகல் வெப்பம் 37 டிகிரியை எட்ட வேண்டும். கூடவே இயல்பைவிட 4.5 டிகிரியாவது மிகுந்திருக்க வேண்டும். சென்னையில் மே மாத இயல்பே 37-ஐ ஒட்டியிருப்பதால், நகரம் 41, 42-ஐ நெருங்காதவரை அந்தப் பெயர் கிடைக்காது. ஆனால் கடற்காற்று நேரத்துக்கு வந்து வெப்பத்தை 37-இல் நிறுத்திய நாளில்கூட அது சுமந்துவந்த ஈரம் வியர்வையை உலரவிடாது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி அடைபடுகிறது. இரவில் கடற்காற்று ஓய்ந்து, நிலக்காற்று வலுவாக எழாமல், கான்கிரீட் சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டைத் திருப்பித் தரும்போது தூங்கவும் முடிவதில்லை. இதைப் பதிவுசெய்ய ‘வெப்ப இரவு’ என்ற அளவுகோல் இருக்கிறது. ஆனால் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டிய நாளுக்கு மட்டுமே அது பொருந்தும். தகரக் கூரையின்கீழ் வாழும் கடலோர மக்களின் மிகக் கொடிய இரவுகள் இவ்வாறு கணக்கிலேயே வராமல் போகின்றன. 2023-இல் துறை சோதனை முயற்சியாகத் தொடங்கிய வெப்பக் குறியீடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. சரியான திசையில் வைத்த அடி அது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு இழப்பீட்டுக்கும் வழி செய்தது. அந்த அறிவிப்பின் பயன் கடலோரத்தையும் சேர வேண்டுமானால் அளவுகோல் மாறியாக வேண்டும்.

காட்டுத்தீயில் வெப்பநிலையை நம்புவது இன்னும் பெரிய பிழை. தேனி மாவட்டம் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகளைப் பலிகொண்ட தீ 2018 மார்ச் 11 அன்று நிகழ்ந்தது. கத்திரி வெயிலுக்கு அப்போது ஏழு வாரங்களுக்கு மேல் இருந்தது. பந்திப்பூர் பெருந்தீ 2019 பிப்ரவரியில் மூண்டது. குன்னூர் அருகே பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் நீர் சுமந்தது 2024 மார்ச்சில். இது தற்செயல் ஒற்றுமை அன்று. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது, இலையுதிர் காடுகள் சருகு கொட்டுகின்றன, புல் காய்கிறது, ஈரமற்ற காற்று சரிவுகளில் ஏறி வீசுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமானி உச்சத்தை எட்டும்போது கோடை மழையும் கூடவே வந்து காட்டை நனைத்துவிடுகிறது. ஆகவே வெப்பநிலையை வைத்துத் தீயைக் கணிப்பவர், தீக்காலம் முடியும் தறுவாயில் எச்சரிப்பார். முந்தைய பருவமழையும் நேர்க்கோட்டில் வழிகாட்டாது: மழை பொய்த்தால் காடு முன்கூட்டியே காயும், நன்றாகப் பெய்தால் புல் செழித்து எரிபொருள் பெருகும். அதன்பின் வரும் வறட்சியின் நீளமும் காற்றின் ஈரமும்தான் எது நடக்கும் என்பதைச் சொல்லும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நம் காடுகளில் தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதர்கள். வானிலை என்ன செய்யும்? மூட்டுவது மனிதர் என்பதை ஏற்கலாம். அணையாத ஒரு பீடித் துண்டு ஜனவரியிலும் விழுகிறது, மார்ச்சிலும் விழுகிறது; சில நாட்களில் மட்டும் அது மலையையே எரிப்பதற்குக் காரணம் காற்றும் வறட்சியும். மனிதரால் மூள்வது என்பதாலேயே முன்னறிவிப்புக்கு இங்கே பயன் அதிகம்: மலைப்பாதைகளை எப்போது மூடுவது, தீத்தடுப்புக் கோடுகளை எப்போது வெட்டி முடிப்பது என்பவை நம் கையில் உள்ளவை. செயற்கைக்கோள் வழியே இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கை, தீ மூண்ட பிறகே வர முடியும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கடற்காற்று வரும் மணியைப் பிப்ரவரியிலேயே எவரால் சொல்ல முடியும்? தனியொரு நாளுக்கு எவராலும் முடியாது. மே மாதப் புயலின் பாதையையும் அவ்வளவு முன்னதாகச் சொல்ல இயலாது. ஆனால் இன்றைய முன்னறிவிப்பும் தனி நாளைச் சொல்வதில்லை. பருவ சராசரிக்கு நிகழ்தகவு சொல்லலாமெனில், கடற்காற்று தாமதிக்கும் நாட்கள் மிகுமா என்பதற்கும் சொல்ல முயலலாம்; மேலைக்காற்றின் வலிமையைக் கணினி மாதிரிகள் ஏற்கெனவே கணக்கிடுகின்றன. மிச்சத்தை, வாரந்தோறும் வெளியாகும் நீட்டித்த கால முன்னறிவிப்பு நிரப்பலாம்: புயலொன்று வடக்கே விலகினால் அடுத்த சில நாட்கள் வடதமிழகக் கரை காயும் என்ற நிபந்தனை எச்சரிக்கை போதும். திருத்தணி, வேலூர், கரூர் போன்று கடற்காற்று தாமதமாக எட்டும் அல்லது எட்டாத ஊர்களுக்கு இன்றைய முறையே பெரிதும் பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடலில் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகின்றன. அவற்றில் செல்வோருக்கு உள்ளூர்க் காற்றைச் சொன்னால் மட்டும் போதாது. 2024 மே முதல் வாரத்தில் குமரிக் கரையைத் தாக்கிய கள்ளக்கடல், தொலைதூரத் தென்கடலின் புயல்களிலிருந்து எழுந்து வந்த அலை. கரையில் காற்று அமைதியாக இருக்கும்போதும் அது வரும்.

காற்றிலிருந்து தொடங்கும் முன்னறிவிப்பு நடைமுறைக்கு வர முதலில் தேவைப்படுவது புதிய கருவியோ புதிய நிறுவனமோ இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் காற்றின் திசையும் வேகமும் அரைமணிக்கொரு முறை பதிவாகின்றன. நுங்கம்பாக்கத்தில் வானிலைப் பதிவின் மரபு, 1792-இல் அங்கு எழுந்த வானாய்வுக்கூடம்வரை நீள்கிறது. கடந்த பல பத்தாண்டுகளில் ஒவ்வொரு கோடை நாளும் கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதை இப்பதிவுகளிலிருந்து தொகுத்து, எல்லோரும் பயன்படுத்தும் வகையில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிட வேண்டும்.