வெறுப்பை ஆராய்ந்த பல்கலைக் கழகங்கள்

கல்வி பெருகினால் வெறுப்புத் தேயும் என்பது அறிஞர் பலரின் நம்பிக்கை. யூதப் பகைமையின் வரலாறு இந்நம்பிக்கையைக் கடுஞ் சோதனைக்கு உள்ளாக்குகிறது. அறிவியலிலும் ஆராய்ச்சியிலும் சிறந்து விளங்கிய ஜெர்மனியில்தான் அப்பகைமை பேராசிரியர் மேடையேறி மதிப்புப் பெற்றது. அதன் வேரைத் தேடும் பொறுப்பும் பின்னர்ப் பல்கலைக் கழகங்களையே வந்தடைந்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மேடையேறிய பகைமை

1871இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது யூதர்கள் சட்டத்தின் முன் சம உரிமை பெற்றனர். மக்கள் தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினரே. 1873இல் பங்குச் சந்தை சரிந்து பலர் பொருளிழந்தபோது, பழி அவர்கள்மேல் விழுந்தது. சமயத்தின் பெயரால் வளர்ந்த பழைய வெறுப்பு, இனத்தின் பெயரால் புதிய உடை பூண்டது. வில்ஹெல்ம் மார் என்னும் எழுத்தாளர் 1879இல் அதற்குச் ‘செமித்திய எதிர்ப்பு’ என்று பொருள்படும் பெயரைப் பரப்பினார். கேட்போருக்கு அது ஓர் அறிவியல் கொள்கைபோல் ஒலித்தது.

அவ்வாண்டு நவம்பரில், பெர்லின் பல்கலைக் கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹைன்ரிச் டிரைட்ச்கே தாம் பதிப்பித்து வந்த திங்களிதழில் ஒரு கட்டுரை வரைந்தார். யூதர்களே நாட்டின் கேடு என்னும் கருத்து அதில் இடம் பெற்றது. கீழை எல்லை வழியாக யூதர்கள் ஆண்டுதோறும் திரள் திரளாக வந்து குவிகின்றனர் என்றும் அவர் குறை கூறினார். தெருமுனைப் பேச்சாளன் கூறியிருந்தால் படித்தவர் முகஞ் சுளித்திருப்பர். பேராசிரியர் கூறியதால் அது ஆராயத்தக்க கருத்தாகிவிட்டது. யூதர் உரிமைகளைக் குறைக்கக் கோரி 1880-81இல் எழுந்த விண்ணப்பத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஒப்பமிட்டனர். பல்கலைக் கழக மாணவர்களும் அவர்களுள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

எண்கள் தந்த விடை

இதற்கு மறுமொழி கூறியோருள் சாலமன் நியூமன் என்னும் பெர்லின் மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். யூதர்கள் உண்மையிலேயே திரளாக வந்தனரா என்று அவர் பிரஷ்ய அரசின் குடிக்கணக்கைக் கொண்டே ஆராய்ந்தார். நாட்டினுள் வந்த யூதரைவிட நாட்டைவிட்டுச் சென்றவரே மிகுதி என்று 1880இல் நூல் எழுதி நிறுவினார். உரோம வரலாற்றுப் பேரறிஞர் தியோடர் மொம்சனும் தம் உடன் பேராசிரியரை வெளிப்படையாகக் கண்டித்து அதே ஆண்டில் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

உண்மை வெளிப்பட்டது; ஆனால் பகைமை அடங்கவில்லை. வாதங்களால் இந்நோயைத் தீர்க்க இயலாது என்று மொம்சனே பின்னாளில் மனங்கசந்து கூறினார். டிரைட்ச்கேயின் வாசகத்தை நாஜிகளின் வார இதழ் ஒன்று தன் முழக்கமாக முகப்பில் பொறித்துக்கொண்டது. 1933 மே 10ஆம் நாள் பெர்லின் பல்கலைக் கழகத்தின் எதிரே இருந்த சதுக்கத்தில் நூல்களைத் தீயிலிட்டவர்களுள் மாணவர்களே முன்னணியில் நின்றனர். யூதர்களை அழிக்கும் திட்டத்தை நிறைவேற்றுவது குறித்து 1942 சனவரி 20இல் வான்சேயில் கூடிப் பேசிய 15 பேருள் சரிபாதிக்கு மேற்பட்டோர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

கேள்வி திரும்பியது

அறுபது இலட்சம் யூதர்கள் மாண்ட பின்னர், ஆராய்ச்சியின் திசை மாறிற்று. யூதர்கள் எத்தகையவர் என்று கேட்பதை விடுத்து, அவர்களை வெறுப்பவர் ஏன் வெறுக்கிறார் என்று அறிஞர் கேட்கலாயினர். நாஜிக் கொடுமைக்குத் துணைபோன பேராசிரியர்களைப் பற்றி மாக்ஸ் வைன்ரைக் 1946இல் நியூயார்க்கில் ஒரு நூல் வெளியிட்டார். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் வினாத்தாள் கொடுத்து ஆராய்ந்த முடிவுகள் 1950இல் நூலாயின. அதன் ஆசிரியர் நால்வருள் அடோர்னோ, எல்சு பிரெங்கல் பிரன்சுவிக் ஆகிய இருவர் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். யூதரை வெறுப்பவர் பெரும்பாலும் பிற சிறுபான்மையினரையும் வெறுக்கின்றனர் என்றும், அதிகாரத்துக்கு ஆராயாமல் பணியும் மனப்பான்மையோடு அது பிணைந்துள்ளது என்றும் அவர்கள் கண்டனர். வினாக்களை அமைத்த முறையில் குறையுண்டு என்று பிற அறிஞர் எடுத்துக்காட்டினர். எனினும் கேள்வியின் புதுமை நிலைத்தது.

1982இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் யூதப் பகைமை ஆராய்ச்சிக்கென ஒரு தனி நிலையம் தோற்றுவித்தது. அதன் முதல் தலைவர் ஹெர்பர்ட் ஸ்ட்ராஸ். அந்நகரில் பயின்று, 1943இல் எல்லை கடந்து சுவிட்சர்லாந்துக்கு உயிர் தப்பியோடிய யூதர் அவர். தம்மைத் துரத்திய நகருக்கு ஆராய்ச்சித் தலைவராக அவர் மீண்டும் வந்தார்!

நியூமனின் எண்கள் பொய்யை வென்றன. பொய்யை விரும்பிய மனத்தை வெல்லவில்லை. ஆகவே, மாணவனுக்கு உண்மைகளைக் கற்பிப்பது மட்டும் போதாது. ஒரு பொய் தனக்கு ஏன் இனிக்கிறது என்று தன்னையே வினவும் பழக்கத்தையும் அவனுக்கு ஊட்ட வேண்டும். அப்பழக்கம் முதலில் பேராசிரியர்களுக்கே தேவை என்பதற்கு 1879ஆம் ஆண்டே சான்று.