புலமை: ஒரு சொல்லின் சமூக வரலாறு

ஒரு சொல்லை யார், எவரை நோக்கி, எத்தேவை கருதி வழங்கினர் என்பதை ஆராயாது அகராதிப் பொருளோடு அமைதல் வரலாற்று நோக்காகாது. கற்றோரின் அறிவைக் குறிக்க நாம் வழங்கும் ‘புலமை’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

‘புலம்’ என்பதற்கு வயல், இடம், திசை, பொறியுணர்வு, அறிவு எனப் பல பொருள்கள் உண்டு. விளைநிலமும் அறிவும் ஒரு சொல்லாற் குறிக்கப்பட்டமையை மட்டுங் கொண்டு முடிவெதனையும் நாம் கூறமுற்படவில்லை. ஆயின், சங்கத் தொகைநூல்களிற் காணப்படும் புலவர் பெயர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், வெண்ணிக் குயத்தியார் என அவை தொழிலையும் உடன்கொண்டு நிற்கின்றன. தொழிலைச் சுட்டுவது புலமைக்கு இழுக்கு எனத் தொகுத்தோர் கருதவில்லை என்பது தெளிவு.

நிலவுடைமைச் சமுதாயம் வலுப்பெற்றபோது இந்நிலை மாறியது. ஏடும் ஆசிரியரும் ஓய்வும் உடையோர்க்கே கல்வி கைகூடிற்று. மெய்வருந்தி உழைப்போர் எழுத்துக்கு அந்நியராயினர். சாதி அவ்வேலியை இறுக்கிற்று.

யாழ்ப்பாணத்தில் 1921இல் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பண்டிதர் பரீட்சைகளை நடத்தியது. இலக்கண இலக்கியக் கல்வியை அது முறைப்படுத்தியமை மறுக்கற்பாலதன்று. எனினும் பட்டமே புலமையின் எல்லையெனக் கொள்ளும் மனப்பாங்கும் உடன் வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபு பற்றிய விவாதத்தில், முற்போக்கு எழுத்தாளர் கையாண்ட பேச்சுமொழி ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. ஆங்கு வழுவெனக் காட்டப்பட்டது மொழியாயினும் விலக்கப்பட்டோர் அம்மொழியைப் பேசிய மக்களே.

இதே காலகட்டத்திற் பிறிதொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1940களில் கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளின் வாயிலைத் திறந்தன. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ‘புலமைப்பரிசில்’ என்னும் தொடர் வறியோர் வீடுகளிலும் வழங்கலாயிற்று. பரம்பரையுரிமை போலிருந்த புலமை, அரசிடம் கோரத்தக்க உரிமையாயிற்று.

இவ்வெற்றியும் முரண்பாடற்றதன்று. ஐந்தாந்தர மாணவர் எழுதும் புலமைப்பரிசிற் பரீட்சையை இன்று தனியார் வகுப்புகள் சூழ்ந்துள்ளன. கட்டணஞ் செலுத்த இயலாதோர் பின்தள்ளப்படுகின்றனர். சமத்துவத்தின் பெயரால் வந்த சொல் சந்தையின் சொல்லாக மாறும் அபாயம் இதுவே.

எனவே, புலமை என்பது ஒருவர் கற்ற நூல்களின் தொகையன்று. அது ஒரு சமூக உறவு. யாருடைய உழைப்பால் அது சாத்தியமாயிற்றோ அவர்க்கு அது மீள்கின்றதா என்பதே பல்கலைக்கழகத்தார் முதலில் தம்மை வினவவேண்டிய வினாவாகும்.