தட்டியும் யன்னலும்

கொழும்பு வீடுகளை அழகுசெய்யும் பொருள்களுள் மூங்கில் தட்டி எளிமையானது. விறாந்தையிலோ யன்னலிலோ அதைத் தொங்கவிட்டால், வெயில் கீற்றுக் கீற்றாய்த் தரையில் விழுகிறது. அவ்வழகை மறுப்பார் எவருமிலர். ஆயினும் வீட்டு அலங்காரமும் சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை நாம் மறத்தலாகாது.

இலங்கை ஆங்கிலத்தில் இத்தட்டிக்கு 'டற்ஸ்' என்று பெயர். இந்தியின் 'டட்டி'யும் நமது 'தட்டி'யும் அதற்கு உறவான சொற்களாகவே தோன்றுகின்றன. வட இந்தியாவில் ஆங்கிலத் துரைமார் வெட்டிவேர்த் தட்டிகளை வாயில்களிற் பொருத்தி, வேலையாட்களைக் கொண்டு ஓயாது நீர் தெளிப்பித்தனர். வறண்ட காற்று ஈரத்தினூடே புகும்போது நீர் ஆவியாகும், அறை குளிரும். துரை உள்ளே உறங்க, தொழிலாளி வெளியே வெயிலில் நின்றான்.

கொழும்பில் அம்முறை பயன்தராது. இங்கே கடற்காற்றே ஈரம் நிறைந்தது. நீர் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் இவ்வூருக்கு வேண்டியது, வெயிலையும் மழைச்சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் தட்டி. மெல்லிய மூங்கிற் சிலாகைகளைக் கயிற்றாற் கோத்த சுருள்தட்டி அப்பணியைச் செய்தது. மேற்கே கடலைக் கொண்ட வெள்ளவத்தையில், பிற்பகல் வெயிலுக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் அதுவே காப்பு.

அத்தகைய தட்டியைத் தொங்கவிட முதலில் ஒரு யன்னல் வேண்டுமன்றோ? 1914இல் கொழும்பிற் கொள்ளைநோய் பரவியது. மறு ஆண்டில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. வெளிச்சமும் காற்றும் சட்டத்தின் சொற்களாயின. எனினும் சட்டம் எழுதியதாற் சுவர்கள் விலகிவிடவில்லை. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளில், ஒற்றை அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அங்கே தட்டி அலங்காரம் அன்று. அறையை இரண்டாக்கும் மறைப்பு, சில வேளை சுவரே அதுதான். ஒரே சொல் ஒருவனுக்கு அழகு, மற்றவனுக்கு வறுமை.

முடைபவரின் கதையும் இதுவே. கண்டி இராச்சியத்தில் நுண்ணிய பாய் முடைந்த சாதியார் தலையில் எதையும் அணியக்கூடாதென்ற கட்டுப்பாட்டை, றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது சிங்களக் கலை நூலில் அத்தொழிலையும் கலையெனப் பதிவுசெய்தார். பாய்க்குக் கிடைத்த மதிப்பு, அதை முடைந்த கைக்குக் கிடைக்கப் பல நூற்றாண்டுகள் போதவில்லை.

தட்டி வீதியை மறைக்கும்; உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலுள்ளவர் உள்ளே காண இயலாது. ஆனால் 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தமிழர் வீடுகளைக் கூட்டம் தேடிவந்து எரித்தபோது, எந்தத் திரையும் எவரையும் காக்கவில்லை. வீட்டின் பாதுகாப்பு சுவரிலும் திரையிலும் இல்லை. அயலவரின் மனச்சாட்சியிலும் அரசின் நீதியிலும் இருக்கிறது.

இன்று அடுக்குமாடிக் கண்ணாடிகளுக்குப் பின்னே குளிரூட்டிகள் இயங்குகின்றன. அவை அறையைக் குளிர்வித்து வெப்பத்தை வீதியிற் கொட்டுகின்றன. இந்நிலையில் மூங்கிலை நாடுவது நல்லறிவே. ஆயினும், முடைபவருக்கு உரிய கூலியும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் காற்று வரும் ஒரு யன்னலும் கிடைக்கும் நாளிலேதான் அந்த அழகு நிறைவெய்தும்.