பேட்டாவும் அமீனாவும்: கட்டளைக் கட்டணம் யாருக்குச் சேர வேண்டும்?

உரிமையியல் நீதிமன்றத்தில் தாவா போடுகிறவர் இரண்டு வகையில் பணம் கட்டுகிறார். ஒன்று, வழக்கின் மதிப்பையொட்டிய நீதிமன்றக் கட்டணம். மற்றொன்று, அழைப்பாணையைச் சார்பு செய்யவும் (உரியவரிடம் சேர்ப்பிக்கவும்) தீர்ப்பாணையை நிறைவேற்றவும் கட்டும் கட்டளைக் கட்டணம். வக்கீல் குமாஸ்தாக்கள் இதைப் ‘பேட்டா’ என்பார்கள். பேட்டா கட்டவில்லை என்பதற்காகவே வாய்தா தள்ளிப்போகும் வழக்குகளும் உண்டு. இந்தப் பணத்தைக் கட்டளையை எடுத்துச் செல்லும் அமீனாவுக்கும் அவருடைய பிரிவுக்கும் நேராகக் கொடுத்துவிட்டால் வேலை விரைவாக நடக்காதா என்ற கேள்வி நியாயமானதுதான். கட்டளைக் கட்டணத்தை மாவட்ட அளவில் தனி நிதியாக ஒதுக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட அமீனாவின் சம்பளமாகவோ ஊக்கத்தொகையாகவோ மாறக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. சட்டத்தின் நிலை

1870ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, கட்டளைகளைச் சார்பு செய்வதற்கான கட்டணத்தையும் அவ்வேலை செய்யும் சேவகர்களின் ஊதியத்தையும் குறித்து விதிகள் வகுக்கும் பொறுப்பை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. எத்தனை சேவகர்கள் தேவை என்பதை 22ஆம் பிரிவு மாவட்ட நிலையிலேயே முடிவு செய்யச் சொன்னது. ஆக, கட்டணமும் ஆள்பலமும் தொடக்கத்தில் அடுத்தடுத்த பிரிவுகளில் வைத்து எண்ணப்பட்டவையே. அரசியலமைப்பின் 266ஆம் உறுப்பின்படி இன்று மாநில வருவாய் தொகுப்பு நிதியில் சேர்கிறது. உயர் நீதிமன்றம் பெறும் கட்டணங்களும் அந்நிதியின் பகுதியே என்கிறது 229(3)ஆம் உறுப்பு. அதனால் பல்லடத்தில் கட்டும் பேட்டாவுக்கும் பல்லடத்து அமீனாவின் பயணச் செலவுக்கும் கணக்கில் எந்தத் தொடர்பும் இல்லை.

தொடர்பு இருக்க வேண்டும் என்பதற்குச் சென்னை மாநில வழக்கு ஒன்றே சான்று. ஜெனித் லாம்ப்ஸ் வழக்கில் சென்னையின் 1955ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், நீதிமன்றக் கட்டணம் வரியன்று, உரிமையியல் நீதி வழங்கும் செலவோடு அது பொருந்த வேண்டும் என்றது. 1988இல் அஸ்வத்தநாராயண செட்டி வழக்கில், பைசா பைசாவாகப் பொருந்த வேண்டியதில்லை, பொதுவான பொருத்தம் போதும் என்று தெளிவுபடுத்தியது. 2017இல் தமிழ்நாடு, மதிப்பையொட்டிய கட்டணத்தை 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. வருவாய் பெருக்குவது கட்டணத்தின் நோக்கமில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

2. தோட்டத்துச் சாளையில் அமீனா

கொங்கு நாட்டில் பல குடும்பங்கள் ஊருக்குள் நெருங்கி வாழ்வதில்லை. அவரவர் தோட்டத்துச் சாளையில் தனித்தனியே இருக்கின்றன. கதவிலக்கம் சொல்லி வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஊரில் பழனிசாமிகள் நான்கு பேர், அவர்களில் இருவருக்குத் தந்தை பெயரும் ஒன்றே என்றால், சரியான ஆளைக் காட்டுவது யார்? பெரும்பாலும் வாதியோ வாதியின் ஆளோதான். வாதி ஏற்பாடு செய்த வண்டியிலேயே அமீனா போவதும் நீதிமன்ற வட்டாரத்தில் பலரும் அறிந்த வழக்கம். பிரதிவாதி வாங்க மறுத்தால் வாசற்கதவில் ஒட்டிவிட்டு, யார் அடையாளம் காட்டினார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று அறிக்கை எழுதச் சொல்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5, விதி 17. அந்த அறிக்கை பொய்யானால் பிரதிவாதிக்குத் தெரியாமலே ஒருதலைத் தீர்ப்பு விழும். கூரியர் வழிச் சார்புக்கு இடம் தந்த திருத்தங்களைச் சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005இல் ஆராய்ந்தபோது உச்ச நீதிமன்றம் கருத்தில் கொண்டதும் இதே அச்சத்தைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழைப்பாணைக்குப் பணம் கட்டுபவர் வாதி. அதனால் காக்கப்படுபவர் பிரதிவாதி. ஒரு தரப்பின் பணத்தில், எதிர்த்தரப்பின் உரிமையைக் காக்கும் வேலை நடக்கிறது. ‘சார்பு செய்தேன்’ என்ற அறிக்கைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், கதவு தட்டாமலே ஒட்டியதாக எழுதுவது லாபமாகிவிடும்.

ஜப்தியில் ஆபத்து இன்னும் கூடுதல். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும் ஒருவரின் கூடத்துக்குள் அமீனா நுழைகிறார் என்று கொள்வோம். கைவினைஞரின் கருவிகளையும் உழவரின் ஏர், மாடு, விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. அங்கே ஓடும் விசைத்தறி பிழைப்புக் கருவியா, முதலாளியின் எந்திரமா? முடிவு நீதிமன்றத்துடையது, ஆனால் அந்தக் கேள்வியை முதலில் எதிர்கொள்பவர் வாசலில் நிற்கும் அமீனா. ஜப்தியில் அவருக்குப் பங்கு உண்டென்றால், அவர் கண்ணுக்கு எல்லாத் தறியும் எந்திரமாகவே தெரியும்.

3. அமெரிக்காவின் பாடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கான்ஸ்டபிள்கள் கட்டளைக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்றே வாழ்கிறார்கள். அதே நாட்டில்தான், குற்றவாளி என்று தீர்த்தால் மட்டும் தனக்குத் தொகை கிடைக்கும் ஒரு மேயர் வழக்கை விசாரிப்பது நியாயமான நடைமுறைக்கு முரண் என்று 1927இல் டூமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நீதிபதியைப் பற்றிய தீர்ப்பு. கட்டளை நிறைவேற்றுபவர் நீதிபதி இல்லை. எனினும் வாசலில் நின்று முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரை அத்தீர்ப்பின் நியாயம் அவருக்கும் பொருந்தும்.

4. என்ன செய்யலாம்

கட்டணத்தை ஒரு நோக்கத்துக்கென ஒதுக்குவது இங்கே புதிதன்று. வக்காலத்தில் ஒட்டும் சேமநல நிதி முத்திரை, 1987ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி தனி நிதிக்கே போகிறது. அதே வழியில், சட்டமன்றம் கட்டளைக் கட்டணத்துக்கு மாவட்ட நிதி ஒன்றை நிறுவி, மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில் விடலாம். அமீனாக்கள் பணிபுரியும் நாசர் பிரிவுக்கு வண்டி, பயணப்படி, சார்பு செய்த இடத்தையும் நேரத்தையும் பதியும் கருவி, பயிற்சி ஆகியவற்றுக்கு மட்டும் அது செலவாக வேண்டும். நிறைவேற்றும் ஊழியர்களுக்குத் தொடர் பயிற்சி வேண்டும் என்று ராகுல் ஷா வழக்கில் 2021இலேயே உச்ச நீதிமன்றம் பணித்திருக்கிறது. சம்பளம் இன்றுபோலவே தொகுப்பு நிதியிலிருந்து வர வேண்டும்.

பணக்கார மாவட்டமான கோவைக்கு நிதி குவியும், வழக்கு குறைந்த நீலகிரிக்கு வண்டிகூடக் கிடைக்காது என்ற மறுப்பு வலுவானது. அதனால் ஒரு பகுதியை உயர் நீதிமன்றம் மறுபங்கீடு செய்ய வேண்டும். நிதி தேவைப்பட்டால் கட்டணத்தை உயர்த்தத் தூண்டுதல் வருமே என்ற மறுப்புக்கு ஜெனித் தீர்ப்பு வகுத்த வரம்பே விடை: செலவைத் தாண்டிக் கட்டணம் ஏறக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியம்மாள் வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, நாடெங்கும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கியிருப்பது தெரியவந்தது. தீர்ப்பு கையில் இருந்தும் பலன் கிட்டாதவர்களின் வரிசை அது. அதைக் குறைக்க அமீனாவுக்குப் பங்கு கொடுப்பது குறுக்குவழி. வாதியின் வண்டியில் ஏறத் தேவையில்லாத நிலையை அவருக்கு உண்டாக்குவதே பேட்டாவின் முறையான பயன்.