சிரிப்பூட்டும் வாயுவும் கிழிந்த செவிப்பறையும்

சளியோட விமானம் ஏறினவங்களுக்குத் தெரியும், இறங்கும்போது காது படுத்துற பாடு. போன மாசம் நானும் அனுபவிச்சேன். ரெண்டு நாளைக்கு ஒரு பக்கம் 'ங்ஙொய்'னு சத்தம்தான். வெளிக்காற்றின் அழுத்தம் மாறாமலே, உள்ளேயிருந்து செவிப்பறையைத் தள்ள முடியுமான்னு தேடிப் பார்த்தேன். முடியுமாம். நைட்ரஸ் ஆக்சைடு, அதாங்க நம்ம சிரிப்பூட்டும் வாயு, அதைச் செய்யும்.

1772-ல் இதைத் தயாரிச்சவர் ஜோசப் பிரீஸ்ட்லி. இது வலியைப் போக்குது, அறுவை சிகிச்சைக்கு உதவலாம்னு 1800-ல் புத்தகமே எழுதினார் ஹம்ப்ரி டேவி. அப்போ அவருக்கு வயசு 21! யாரும் கண்டுக்கலை. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், வாயுவைச் சுவாசிச்சுட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கலை. ஆனா அடுத்த மாசம் பாஸ்டனில் செஞ்சு காட்டினப்போ நோயாளி கத்திட்டார். வெல்ஸுக்குக் கிடைச்சது கேலிதான்.

சரி, காதுக்கு வருவோம். இந்த வாயு ரத்தத்தில் நைட்ரஜனை விடச் சுமார் 34 மடங்கு அதிகம் கரையும். நடுக்காதோ எலும்பாலான சின்னப் பெட்டி, உள்ளே பெரும்பாலும் நைட்ரஜன். ஒருத்தர் இறங்குறதுக்குள்ள முப்பது பேர் ஏறுற டவுன் பஸ் நிலைமைதான். தொண்டைக்குப் போற யூஸ்டேஷியன் குழாய் திறந்தா பிரச்னையில்லை. சளியால அடைச்சிருந்தா? பெட்டியில் அசையக்கூடிய சுவர் செவிப்பறை மட்டும்தானே!

1965-ல் ஈகர், சைட்மன் இருவரும் நாய்களில் சோதிச்சு, நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று இந்த வாயுவால் பத்தே நிமிஷத்தில் இரட்டிப்பாவதைக் காட்டினாங்க. அதே வருஷம் டென்மார்க்கின் தாம்சன் குழு, மயக்கத்தில் நடுக்காது அழுத்தம் மாறுவது பற்றி எழுதியது. மயக்கம் கொடுத்தபின் செவிப்பறையே கிழிஞ்சது பற்றிய கட்டுரை 1978-ல் வந்தது. அரிதான விளைவுதான்.

வெல்ஸிலிருந்து 1965 வரை 120 வருஷம். ஏன் இவ்வளவு தாமதம்? முழிச்சிருக்கறவன் காது வலிச்சா எச்சில் முழுங்குவான், கொட்டாவி விடுவான், இல்லேன்னா கத்துவான். மயக்கத்தில் இருக்கறவன் என்ன செய்வான்? 1950-களில் நுண்ணோக்கி வழியா செவிப்பறைக்கு ஒட்டுப் போடுற சிகிச்சை பரவினபிறகு, அங்கே யாரோ ஒருத்தர் உத்துப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதாச்சு. இப்போ அந்தச் சிகிச்சையில் ஒட்டு வைக்குமுன்பே வாயுவை நிறுத்திடுவாங்க, இல்லேன்னா கொடுக்கவே மாட்டாங்க.

அடுத்த தடவை அறுவை சிகிச்சைன்னு போனா, மயக்க மருத்துவர்கிட்ட சளி, காதடைப்பு எதுவானாலும் முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் சொல்ல வாய் இருக்காது :-)